ஒன்றும் நடக்காத இரவு

தமிழ் நாவல்களில் வருகிற மனிதர்கள் எப்போது வேலை செய்கிறார்கள் என்று எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். காதலிக்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், சொத்துக்காகச் சண்டை போடுகிறார்கள், ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய நாட்களை நினைத்துக்கொள்கிறார்கள். கதாநாயகன் ஆபீசுக்குப் புறப்பட்டான் என்று ஒரு வாக்கியம் வரும். அடுத்த வாக்கியத்தில் மாலையாகிவிடும். நடுவில் கழிந்த எட்டு மணி நேரம் எங்கே போயிற்று என்று ஆசிரியரும் சொல்வதில்லை, வாசகரும் கேட்பதில்லை. உத்தியோகம் என்பது பாத்திரத்தின் சம்பளத்தையும் அந்தஸ்தையும் குறிக்கிற ஓர் அடையாளம். வாத்தியார் என்றால் ஏழை, டாக்டர் என்றால் நல்லவர், மானேஜர் என்றால் கெட்டவர். அதோடு சரி.

ஆனால் மனிதன் விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பகுதி வேலையில்தான் கழிகிறது. அவனுடைய தைரியமும் கோழைத்தனமும், பொறாமையும் பெருந்தன்மையும் வெளிப்படுவது பெரும்பாலும் அங்கேதான். வீட்டில் சாதுவாக இருக்கிறவன் வேலையிடத்தில் புலியாக இருப்பான். வீட்டில் உறுமுகிறவன் மேலதிகாரி முன்னால் குழைவான். இதை விட்டுவிட்டு ஒரு பாத்திரத்தைச் சிருஷ்டித்துவிட்டேன் என்று சொல்கிற நாவலாசிரியர், பாதி முகத்துக்குப் படம் எழுதிவிட்டு முழுக் கூலி கேட்கிறவர்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ரகுநாதன் 1953-இல் 'பஞ்சும் பசியும்' எழுதியபோது கைத்தறி நெசவாளர்களின் தறியை நாவலுக்குள் கொண்டுவந்தார். ராஜம் கிருஷ்ணன் 'குறிஞ்சித்தேன்' (1963) நாவலில் நீலகிரியின் படகர் வாழ்க்கைக்குள் அணையும் மின்சாரமும் வந்து புகுவதைக் காட்டினார். 1979-இல் வந்த 'கரிப்பு மணிகள்' நாவலில் தூத்துக்குடி உப்பளங்களைக் காட்டினார். மூன்றும் மதிக்கத்தக்க நாவல்கள். ஆனால் இவற்றில் தொழில் என்பது பெரும்பாலும் ஒரு துன்பமாகவோ, ஒரு மாறுதலாகவோ வருகிறது. தொழிலாளி படுகிற கஷ்டத்தைச் சொல்ல வேண்டியது எழுத்தாளன் கடமை. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தொழிலாளிக்குத் தெரிந்த வித்தை என்று ஒன்று உண்டல்லவா? அவன் கைக்குத் தெரிந்தது, அவன் மனசுக்குள் போடுகிற கணக்கு, இன்னொருவனிடம் அவன் வேலை வாங்குகிற விதம் - இவற்றைப் பார்த்து எழுதிய நாவல் என்று எனக்கு உடனே நினைவுக்கு வருவது அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' ஒன்றுதான். 1960-களின் கடைசியில் வந்த அந்த நாவலில், படத் தயாரிப்பு நிர்வாகி ஒருவர் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஆட்களையும் வண்டிகளையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குப் படுகிற பாடு இருக்கிறதே, அதை ஒரு யுத்த வர்ணனையைப் படிக்கிற ஆவலோடு படிக்கலாம். அங்கே பெரிய சம்பவம் ஒன்றும் இல்லை. ஒரு மனிதர் வேலை செய்கிறார். அவ்வளவே. அதுவே போதும் என்று அசோகமித்திரனுக்குத் தெரிந்திருந்தது.

வேலை செய்கிறவர்களிலும் இரண்டு ரகம் உண்டு. கட்டுகிறவர்கள் ஒரு ரகம். கட்டியதைக் காத்து நிற்கிறவர்கள் மற்றொரு ரகம். முதல் ரகத்துக்காவது எப்போதாவது ஒரு கதை கிடைத்துவிடுகிறது. இரண்டாவது ரகத்துக்குக் கிடைப்பதே இல்லை. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும்.

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுவிக் அந்தப் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய ஒரு தெய்வம். அவர் ராயல் இன்ஜினியர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையைச் சேர்ந்தவர். பட்டாளத்துப் பயனியர் படையினரும் அவரோடு காட்டில் உழைத்திருக்கிறார்கள். கட்டக் கட்ட வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனது. காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கடைசியில் 1895-இல் அணை நின்றது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் கிழக்கே திரும்பி வந்து வயலில் பாய்ந்தது. 2013-இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். பொங்கலன்று அவர் பிறந்தநாளையும் சேர்த்துக் கொண்டாடுகிற ஊர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்கள் உண்டு. தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று ஊரில் ஒரு கதை வழங்குகிறது. வரலாற்று ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். நன்றியுள்ள ஜனங்கள் ஆதாரத்துக்காகக் காத்திருப்பதில்லை. முயற்சி, தோல்வி, மறுபடி முயற்சி, வெற்றி என்று கதை தானாகவே அமைந்து கிடக்கிறது. மிச்சத்தை அவர்கள் பூர்த்தி செய்துகொண்டார்கள்.

ஆனால் 1895-க்குப் பிறகு இத்தனை வருஷங்களாக அந்த மதகுகளைத் திறந்தும் மூடியும், சங்கிலிக்கு எண்ணெய் போட்டும், மழை நாளில் ராத்திரி முழுக்க நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டும் இருந்தவர்களின் பெயர் யாருக்காவது தெரியுமா? அதே லோயர் கேம்ப்பில் பெரியாற்று நீர் குழாய் வழியே இறங்கி மின்சாரம் ஆகிறது. மேகமலைக்குப் போனால் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மணலாறு, இரவங்கலாறு என்று வரிசையாக நீர்த்தேக்கங்கள். அந்தத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கிச் சுருளியாறு மின் நிலையத்தில் 35 மெகாவாட் யந்திரத்தைச் சுழற்றுகிறது, 1978-லிருந்து சுழற்றிக்கொண்டிருக்கிறது. மேகமலை விளிம்பில் ராத்திரி நின்று பார்த்தால் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விளக்குகள் தெரியும். பார்க்கிறவர்கள் எல்லாரும், வானம் தலைகீழாகக் கிடக்கிறது என்று ஒரே உவமையைத்தான் சொல்கிறார்கள். நம் எழுத்தாளர்களும் இந்த உவமையோடு திருப்தியடைந்து மலையிறங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் ஒரு கம்பி, கம்பிக்குப் பின்னால் ஒரு ஃபியூஸ் கட்டை, அந்தக் கட்டைக்கு ஒரு பொறுப்பாளி என்கிற எண்ணம் உவமைக்குள் வருவதில்லை.

அப்படிப்பட்ட பொறுப்பாளி ஒருவரை நான் அறிவேன். சின்னமனூர்ப் பக்கத்துக்காரர். வடக்கே ஒரு விமானப் படைத் தளத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் எலக்ட்ரீஷியனாக இருந்து, கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குத் தலைவராக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தவர். மகன் மேகமலையில் ஓர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பதால் கோடையில் அங்கே போய்த் தங்குவார்.

பட்டாளத்தில் வேலை என்றால் நம் வாசகர்களுக்குத் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். பட்டாளத்துக்குச் சோறு எப்படி வேண்டுமோ அப்படி விளக்கும் தண்ணீரும் வேண்டும். எம்.இ.எஸ். என்கிற மிலிட்டரி இன்ஜினியர் சர்வீசஸ் 1923-லிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. கட்டடம், சாலை இவற்றுக்கு ஒரு பிரிவு. மின்சாரம், யந்திரம் இவற்றுக்கு ஒரு பிரிவு. தளத்துக்குத் தளம் கேரிசன் இன்ஜினியர் என்று ஒரு பொறுப்பதிகாரி. அவருக்குக் கீழே வேலை செய்கிற எலக்ட்ரீஷியன், பிட்டர், பம்பு ஆபரேட்டர் எல்லாரும் பெரும்பாலும் யூனிபாரம் இல்லாத சிவிலியன்கள். ராணுவத்துக்குள் இருந்துகொண்டு ராணுவத்தினர் ஆகாதவர்கள். ஊரில் அவர்களை 'மிலிட்டரிக்காரர்' என்பார்கள். மிலிட்டரியில் 'சிவிலியன்' என்பார்கள். இது ஒன்றே ஒரு நல்ல நாவலுக்குப் போதுமான நிலைமை.

அவர்கள் காக்கிற மின்சாரமும் ஒரே மின்சாரம் அல்ல. நம் வீட்டுக்கு வருவது விநாடிக்கு 50 சுழற்சி. தரையில் நிற்கிற விமானத்துக்குக் கொடுப்பது 400 சுழற்சி, அதற்குத் தனி யந்திரம். ஓடுபாதை விளக்குகளின் ஏற்பாடு இன்னும் விசேஷமானது. அவை ஒன்றன் பின் ஒன்றாக ஒரே சுற்றில் கோக்கப்பட்டவை. அப்படியானால் ஒரு பல்பு போனால் எல்லாம் அணைய வேண்டும். அணையாது. ஒவ்வொரு விளக்குக்கும் தரைக்கடியில் தனியாக ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் வைத்திருப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றவை எரிகின்றன. கூட்டத்தில் ஒருவன் விழுந்தாலும் வரிசை கலையாத இந்த ஏற்பாட்டை யார் யோசித்தாரோ, அவர் மனிதர்களையும் அறிந்தவராக இருக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணத்தில் 1990-இல் அமைந்த ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படைத் தளத்தில் நானூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரங்கள் நிற்கின்றன. கடலுக்கடியில் இருக்கிற நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அங்கிருந்து செய்தி போகிறது. கடல் கண்ணுக்குத் தெரியாத ஒரு வறண்ட காட்டில் கரண்ட் நின்றால் கடலின் அடியில் இருக்கிறவனுக்குக் காது அடைத்துவிடும். இப்படியெல்லாம் நம் நாட்டில் நடக்கிறது. நம் கதைகளில் நடப்பதில்லை.

அந்தப் பெரியவரிடம் ஒருநாள், "உங்கள் சர்வீசில் மறக்க முடியாத சம்பவம் ஏதாவது சொல்லுங்கள், அண்ணே" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்றது, தம்பி? ஒண்ணும் நடக்கல. ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னுதானே சம்பளம்" என்றார்.

நான் விடவில்லை. சற்று நேரம் கழித்து அவரே ஒரு ராத்திரியைப் பற்றிச் சொன்னார். இடியும் மழையும். வெளியிலிருந்து வருகிற கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. ஆனால் தளத்தின் ஒரு பகுதிக்குப் போகிற கேபிள் கருகிவிட்டதால் அங்கே மட்டும் இருட்டு. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மருந்து வைக்கிற குளிர்பெட்டி எத்தனை நேரம் தாங்கும் என்று ஒருவர் கேட்கிறார். தண்ணீர்ப் பம்பு ஓடவில்லை என்று ஒருவர். வீட்டில் விருந்தினர் வந்திருக்கிறார்கள், முதலில் எங்கள் பக்கம் பாருங்கள் என்று பெரிய இடத்திலிருந்து ஒருவர். யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்பதை அந்த நேரத்தில் தீர்மானிக்கிறவர் தோளில் பட்டை இல்லாத இந்த மனிதர்.

"பெரிய இடத்துக்கு என்ன சொன்னீர்கள்?"

"சரிங்க சார்னேன். சரிங்க சார்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரி லைனைப் பார்த்தேன்."

பிறகுதான் விஷயம் வருகிறது. சப்ஸ்டேஷனில் அந்த லைனை நிறுத்தி, ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தம் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். வேறு யாரும் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. மறுமுனையில் பில்லர் பாக்ஸைத் திறந்துகொண்டு, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பையன் நிற்கிறான். நனைந்திருக்கிறான். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் போகலாம். லைன்தான் நிறுத்தியாயிற்றே, கை வைக்கலாமே?

"கை வைக்காதே, டெஸ்டரை வைன்னேன். நிறுத்தியாச்சேண்ணேன்னான். நிறுத்தினது நான், எனக்குத் தெரியும். நீ வச்சுப் பாருன்னேன். வச்சான். எரிஞ்சுது."

நிறுத்திய லைனில் கரண்ட் இருந்தது. அந்தப் பகுதியில் ஒரு சமையற்கூடத்தில் யாரோ அவசரத்துக்கு ஒரு சிறு ஜெனரேட்டரை ஓட்டி, மாற்று ஸ்விட்ச் இல்லாமல் நேராகக் கட்டட ஒயரிங்கில் செருகியிருக்கிறார்கள். கரண்ட் பின்வழியாக வந்து பில்லர் பாக்ஸில் உட்கார்ந்திருந்தது. அதை நிறுத்தச் செய்து, மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் எர்த் செய்து, அதன் பிறகே வேலை நடந்தது. கரண்ட் கொடுப்பதற்கு முன் தம் ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, எண்ணிப் பார்த்துவிட்டு, பையிலிருந்த கட்டைகளை எடுத்துப் போட்டார். நோட்டில் எழுதியது ஒரே வரி: கேபிள் பழுது நீக்கப்பட்டது, நேரம் காலை 4-10.

"அம்புட்டுத்தான், தம்பி. ஒண்ணும் நடக்கல" என்று முடித்தார்.

இதைக் கேட்டதிலிருந்து, இந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற கதையை நம்மில் யார் எழுத முடியும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இது ஒரு பத்திரிகைக் கதையானால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பையன் கை வைத்திருப்பான். ஒரு நீல வெளிச்சம். அவனுக்கு ஊரில் ஒரு விதவைத் தாய், நிச்சயமான ஒரு பெண். கடைசிப் பத்தியில் ஊரெல்லாம் விளக்கு எரியும். அவன் வீட்டு விளக்கு மட்டும் அணைந்திருக்கும். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார்கள். மின்சார வேலைக்காரன் நம் கதைகளில் சாவதற்கென்றே வருகிறான். அவன் பிழைத்துக் கிடப்பதற்கு எத்தனை அறிவும் பயமும் ஒழுங்கும் தேவைப்படுகின்றன என்பது நமக்குக் கதையாகத் தோன்றவில்லை.

சாகாவிட்டால் சிரிக்க வைக்க வேண்டும். 1984-இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி பெட்ரோமாக்ஸ் விளக்கும் சைக்கிளும் வாடகைக்கு விடுகிறவராக வருவார். மேண்டிலைப் பற்றிச் செந்தில் கேட்பதும், கேட்டுவிட்டுச் செய்வதும் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். அந்தக் காட்சியை நான் இழிவாக நினைக்கவில்லை. சொல்லப்போனால், ஒரு பொருளைப் பற்றித் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் இடையே உள்ள தூரத்தை நம் இலக்கியத்தைவிட அந்த நகைச்சுவை ஒழுங்காகக் காட்டியிருக்கிறது. ஆனாலும் வித்தை தெரிந்தவன் அங்கே கோமாளிதான். பட்டாளத்துக் கதைகளின் சங்கதியும் இதுவே. சிப்பாய் லீவில் வருவான், கடிதம் எழுதுவான், தந்தி வரும். அவன் முகாமில் விளக்குப் போட்டவன் யார் என்று கதை திரும்பிப் பார்க்காது.

பிற நாட்டு ஆசிரியர்கள் இந்தக் காரியத்தில் நமக்கு முன்னால் போயிருக்கிறார்கள். கான்ராட் 'டைஃபூன்' (1902) கதையில் புயலின் நடுவே வாசகனைக் கப்பலின் அடித்தட்டுக்கு அழைத்துப் போகிறார். அங்கே தலைமை இன்ஜினியர் ராவுட் தம் ஆட்களோடு யந்திரத்தைக் கவனித்துக்கொண்டு நிற்கிறார். மேலே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. யந்திரம் நிற்கக் கூடாது என்று மட்டும் தெரியும். புயலை வர்ணிப்பதில் சூரரான கான்ராட் அதன் கடைசிக் கட்டத்தை வர்ணிக்காமலேயே தாண்டிவிடுகிறார். மனிதர்கள் தாங்குவார்கள் என்று தெரிந்துவிட்ட பிறகு காற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார் போலும்.

செந்த் எக்ஸூபெரியின் 'இரவு விமானம்' (1931) நாவல் இன்னும் நெருக்கமானது. தபால் விமானங்களின் தலைவர் ரிவியேர், ரோப்ளே என்கிற வயதான மெக்கானிக்கை ஓர் இணைப்புப் பிழைக்காக வேலையிலிருந்து நீக்குகிறார். கிழவரின் கைகளைப் பார்த்து மனசு இளகியும் நீக்குகிறார். ஒருவனை மன்னித்தால் பிழை தொடரும், பிழை தொடர்ந்தால் ராத்திரியில் யாரோ ஒரு விமானி சாவான் என்பது அவர் வாதம். அற்புதமான பகுதி. ஆனால் எனக்கு அதில் ஒரு குறை படுகிறது. ஆசிரியர் தலைவரின் கடுமையில் மயங்கிவிட்டார். கடுமை ஒரு கவிதையாகிவிடுகிறது. என் சின்னமனூர்க்காரரும் கண்டிப்பானவர்தான். ஆனால் அவர் கண்டிப்பு பிழை நடந்த பிறகு தண்டிக்கிற கண்டிப்பு அன்று. கை வைப்பதற்கு முன் 'டெஸ்டரை வை' என்கிற கண்டிப்பு. இரண்டாவதில் கவிதை குறைவு. ஆள் மிஞ்சுகிறான்.

நெவில் ஷூட் தாமே விமானப் பொறியாளர். அவருடைய 'ரவுண்ட் தி பெண்ட்' (1951) நாவலில் ஷாக்லின் என்கிற தலைமை மெக்கானிக், சரியாகப் பழுது பார்ப்பதே பிரார்த்தனை என்று தம் ஆட்களுக்குக் கற்பிக்கிறார். பல மதத்தினரும் அவர் பின்னால் வருகிறார்கள். பராமரிப்பு வேலையின் நடுவில் ஒரு தர்மம் இருக்கிறது என்று கண்டுகொண்ட நாவல் அது. ஆனால் கண்டுகொண்டதோடு நிற்காமல் அந்த மனிதரை மகானாகவே ஆக்கிவிட்டார். அங்கேதான் நாவல் சற்றே தரையை விட்டுக் கிளம்புகிறது. நல்ல வேலைக்காரனை நம்புவதற்கு அவன் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் எதற்கு? பிரீமோ லெவி 1978-இல் எழுதிய புத்தகத்தில் இந்தத் தவறு இல்லை. ஃபௌஸோனே என்கிற கிரேன் பூட்டும் தொழிலாளி உலகமெல்லாம் சுற்றி வேலை செய்த கதைகளை, ரசாயனத் தொழிலில் இருக்கிற எழுத்தாளரிடம் சொல்கிறான். இந்தியாவில் ஒரு பாலம் கட்டப் போன கதையும் அதில் உண்டு. அவன் பெருமையடிக்கிறான், புலம்புகிறான், மேலதிகாரிகளைத் திட்டுகிறான், தன் வேலையை நேசிக்கிறான். கேட்டுக்கொண்டிருக்கிறவர் அவனுக்கு மேலே உட்காரவில்லை. அதுதான் அந்தப் புத்தகத்தின் ரகசியம்.

இப்படியெல்லாம் எழுதினால் நாவல், தொழில் கையேடு ஆகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஓடுபாதை விளக்கின் அமைப்பைப் பத்துப் பக்கம் எழுதுகிறவனை வாசகர் மன்னிக்க மாட்டார். ஆனால் அந்த ராத்திரியை நினைத்துப் பாருங்கள். பில்லர் பாக்ஸ் எப்படி இருக்கும் என்பது கதைக்கு வேண்டியதில்லை. நிறுத்திய லைனிலும் கரண்ட் இருக்கலாம் என்ற ஒரே ஒரு விஷயம் வேண்டும். அது தெரிந்தால்தான் அந்தப் பையனின் அவசரமும் பெரியவரின் நிதானமும் அர்த்தமாகும். ஒரு மனிதன் எடுக்கிற தீர்மானத்தைத் தாங்குகிற அளவுக்குத் தொழில் விவரம் போதும். அதற்கு மேல் இருப்பது ஆசிரியரின் டம்பம். அதற்குக் கீழே இருப்பது சோம்பல். நம்மவர்களிடம் டம்பத்துக்கு இடமே இல்லை. சோம்பல்தான்.

பாஷையிலும் இந்தச் சோம்பல் தெரிகிறது. நம் கதைகளில் வயர்மேன் வாயைத் திறந்தால் 'மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிட்டது' என்கிறான். எந்த வயர்மேன் இப்படிப் பேசினான்? 'கரண்ட் போச்சு' என்பான். கம்பத்தில் ஏறுவதற்கு முன் 'எல்.சி. வாங்கியாச்சா?' என்பான். இவை கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள், ஒதுக்குவது சொல்லை மட்டும் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். எல்.சி. என்ற இரண்டு எழுத்தில் ஒரு குடும்பத்தின் தாலி அடங்கியிருக்கிறது. வாங்கியவனே திருப்பிக் கொடுக்க வேண்டும், மற்றொருவன் கொடுக்கக் கூடாது என்கிற விதி அதற்குள் இருக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டுக் கலைச்சொல் அகராதியிலிருந்து ஒன்றைப் போட்டால் அகராதி பிழைக்கும், பாத்திரம் செத்துப்போகும்.

கடைசியாக ஒன்று. இந்த மாதிரித் தலைவனைப் பற்றி எழுதுகிறவர் அவனை நல்லவனாக மட்டும் காட்டினால் போதாது. குழுத் தலைவனின் நிலையில் தீராத ஒரு சங்கடம் இருக்கிறது. கம்பியில் கை வைக்கிறவன் அவன் இல்லை, வைக்கச் சொல்கிறவன். கையெழுத்து அவனுடையது, உடம்பு இன்னொருவனுடையது. மழையில் யாரை அனுப்புவது? கெட்டிக்காரனையே ஒவ்வொரு முறையும் அனுப்பினால் கெட்டிக்காரனாக இருப்பதே அவனுக்குத் தண்டனை. புதியவனை அனுப்பாவிட்டால் அவன் எப்போது கற்றுக்கொள்வான்? நிரந்தர வேலைக்காரன் தயங்குகிற இடத்துக்குக் காண்டிராக்ட் ஆள் தயங்காமல் போகிறான். தயங்கினால் நாளைக்கு அவனுக்கு வேலை இல்லை. அவன் தயங்கவில்லை என்பதைத் தைரியம் என்று எழுதிக்கொள்வது தலைவனுக்குச் சௌகரியம். இந்தச் சௌகரியத்தை மறுக்கிறவன் யார், ஏற்றுக்கொள்கிறவன் யார் என்று பார்ப்பது நாவலாசிரியரின் வேலை. நாட்டுக்குப் பொதுவான ஒரு கேள்வி இது; ராணுவத் தளத்தின் வேலிக்குள் கொஞ்சம் கூர்மையாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பென்னிகுவிக்கைப் பற்றி இன்னும் பத்து நாவல்கள் வரட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இளம் எழுத்தாளர்களில் யாராவது ஒருவர், கரண்ட் போகாத ஒரு வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போது, ஏன் போகவில்லை என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு, துணை மின் நிலையத்துப் படியேறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அங்கே இருக்கிற நோட்டில் ஒரு வரிதான் இருக்கும். ராத்திரி டியூட்டியில் இருக்கிறவரோடு ஒரு டீ சாப்பிட்டுவிட்டு, அந்த வரிக்கு முன்னால் நடந்தது என்ன என்று மெதுவாக விசாரிக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அவர் முதலில் சொல்வார். எழுந்து வந்துவிடக் கூடாது.